நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின்: கோலாலம்பூர் நெரிசலிலும் பினாங்கு வெயிலிலும் நீண்ட நாள் உழைக்கவைக்கும் முழு வழிகாட்டி

"டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்று பட்டறையில் சொன்னால், உடனே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஏன் போனது?

எஞ்சினின் எரிபுகையால் சுழன்று, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. சிறிய எஞ்சின்களில் அதன் தண்டு நிமிடத்துக்கு 200,000 சுற்றுவரை சுழலும். ஒரு முனையில் முழு வேகத்தில் 900 டிகிரி செல்சியசை நெருங்கும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் தண்டைத் தாங்குவது முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. எண்ணெய் கெட்டாலோ, குறைந்தாலோ, சூட்டில் கருகினாலோ, குழாய் கசிந்து டர்போ வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுழல நேர்ந்தாலோதான் டர்போ பெரும்பாலும் சாகும். காரணத்தைத் தேடாமல் புதியதை மாட்டினால் இரண்டாவதும் அதே வழியில் போகும். ஆயிரக்கணக்கான வெள்ளி இரண்டு முறை போகும். அதனால்தான் இந்த வழிகாட்டி டர்போவைவிட எண்ணெயையும் சூட்டையும் காற்றுக் குழாய்களையும் பற்றி அதிகம் பேசுகிறது.

புரோட்டோன் பிரெவே, சுப்ரிமா எஸ், எக்சோரா போல்ட், 1.8 எக்ஸ்70, ஹோண்டா சிவிக் 1.5 டர்போ, ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஐ வகைகள் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியது இது. பெரோடுவா அத்திவாவும் தொடக்ககால எக்ஸ்50-ம் மூன்று சிலிண்டர் கார்கள். ஆனாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் வேலை: உங்கள் எஞ்சினைத் தெரிந்துகொள்ளுங்கள்

காரோடு வந்த கையேட்டைத் திறந்து நான்கு விவரங்களைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். எண்ணெயின் தரக் குறியீடும் அளவும், பெட்ரோல் தெளிக்கும் முறை, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட்டா சங்கிலியா என்பது, ஸ்பார்க் பிளக்கின் எண்ணும் இடைவெளியும். பிரெவே, சுப்ரிமா, எக்சோரா போல்ட் மூன்றிலும் உள்ள 1.6 கேம்ப்ரோ சிஎஃப்இ எஞ்சின் வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தெளிப்பது, டைமிங் பெல்ட்டில் ஓடுவது. சிவிக் 1.5 சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிப்பது, சங்கிலியில் ஓடுவது. பராமரிப்புப் பட்டியல் இந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிரெவே வைத்திருக்கும் நண்பர் சொன்ன அறிவுரையைச் சிவிக்கில் அப்படியே பின்பற்ற முடியாது.

எண்ணெய்

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று கையேட்டின் முதல் அட்டவணை சொல்லலாம். அதே பக்கத்தின் கீழே கடும் பயன்பாடு என்று இன்னோர் அட்டவணை இருக்கும்: குறுந்தூர ஓட்டம், நெரிசல், அதிக வெப்பம், மலைப்பாதை. கோலாலம்பூரில் தினமும் வேலைக்குப் போகும் கார் இதில் மூன்றிலாவது சிக்கும். நமக்குரியது இரண்டாவது அட்டவணை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஃபெடரல் நெடுஞ்சாலையிலும் எம்ஆர்ஆர்2 வட்டச்சாலையிலும் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், 8,000 கிலோமீட்டர் ஓட எஞ்சின் 400 மணிநேரம் உழைத்திருக்கும். அதே தூரத்தைப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 80 மணிநேரம்தான். மீட்டரில் ஒரே எண், எண்ணெயின் வயதில் ஐந்து மடங்கு வித்தியாசம். முழு சிந்தெடிக் எண்ணெய் ஊற்றி, நகர ஓட்டத்துக்கு 7,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலேயே அதிகம் ஓடும் காருக்கு 10,000 போதும்.

குப்பியை வாங்கும்போது முன்பக்கத்தில் உள்ள, பிசுபிசுப்பைக் குறிக்கும் 5டபிள்யூ-30 போன்ற எண் மட்டும் போதாது. பின்பக்கத்தில் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். நேரடித் தெளிப்பு டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் எஞ்சினை அழுத்தி ஓட்டும்போது பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் சிக்கல் உண்டு. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது அது. எண்ணெயில் சேர்க்கும் கால்சியம் வகைக் கழுவுபொருள் அதைத் தூண்டுகிறது என்று தெரிந்ததால் 2018-இல் எஸ்என் பிளஸ் தரமும், 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, மெர்செடிஸ் கார்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் ஒப்புதல் எண்ணும் குப்பியில் இருக்க வேண்டும். போலி எண்ணெய் இங்கே உண்மையான ஆபத்து. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், மூடியின் முத்திரையையும் சரிபார்ப்புக் குறியீட்டையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வீட்டிலேயே மாற்றுபவர்களுக்கான ஒழுங்கு இது. எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சமதரையில் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. வடிகால் திருகாணியைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை பத்து நிமிடமாவது விடுங்கள். வாஷரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். இரண்டு வெள்ளி வாஷரை மிச்சம் பிடித்து, கசிவை அடக்கத் திருகாணியை இறுக்கி இறுக்கி அலுமினியத் தொட்டியின் மறையைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். முறுக்கு அளவு பெரும்பாலும் 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், சரியான எண் கையேட்டில். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதைப் போட்டால் எண்ணெய் முழுதும் சாலையில் கொட்டும். புது வளையத்தில் எண்ணெய் தடவி, வளையம் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள். சொன்ன அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, எஞ்சினை இயக்கி, சிவப்பு எண்ணெய் விளக்கு அணையும்வரை முடுக்காமல் காத்திருங்கள். அணைத்து ஐந்து நிமிடம் கழித்து அளவுக்கோலைப் பார்த்து மீதியைச் சேருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஞ்சினின் அடியில் சுழலும் கிரான்க் தண்டு எண்ணெயை நுரைக்கச் செய்யும், நுரை டர்போவின் தண்டைத் தாங்காது.

பழைய ஃபில்டரை உடனே குப்பையில் போடாதீர்கள். கத்தியால் காகித மடிப்புகளை வெட்டி, வெயிலில் விரித்துப் பாருங்கள். கறுப்பு எண்ணெய்க்கு நடுவே மினுக்கும் துகள் தெரிந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங் தேய்கிறது. டர்போவோ எஞ்சினோ சத்தம் போடத் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே இந்தக் காகிதம் சொல்லிவிடும். செலவில்லாத சோதனை, ஆனால் செய்பவர்கள் மிகக் குறைவு.

மாதம் இருமுறை அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். குறைகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், ஏறுகிறதா என்றும் பாருங்கள். கோலை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? நேரடித் தெளிப்பு எஞ்சின் சூடேறும் முன்பே தினமும் அணைக்கப்பட்டால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்கள் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். வீட்டிலிருந்து பள்ளிக்கு 3 கிலோமீட்டர், பள்ளியிலிருந்து சந்தைக்கு 2 என்று ஓடும் காரில் இது வரும். வாரம் ஒருமுறை 30 நிமிடமாவது நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெட்ரோல் ஆவியாகிப் போகும். வாடை பலமாக இருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காமல் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

சிஎஃப்இ எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சர்வீசிலும் எண்ணெய்க் குளிர்விப்பானின் ரப்பர் குழாயைத் தடவிப் பாருங்கள். அந்த எஞ்சினின் பெயர்போன பலவீனம் அது. வியர்த்தாற்போல் எண்ணெய் படிந்திருந்தாலே மாற்றும் நேரம் வந்துவிட்டது. அது வெடித்தால் சில நிமிடங்களில் எஞ்சின் வறண்டுவிடும்.

தொடங்குவதும் அணைப்பதும்

காலையில் இயக்கியதும் அரை நிமிடம் போதும், புறப்படுங்கள். ஆனால் வெப்ப முள் நடுவுக்கு வந்த பிறகும் இன்னும் ஐந்து நிமிடம் 3,000 சுற்றைத் தாண்டாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைவிட எண்ணெய் தாமதமாகத்தான் சூடேறும்.

அணைப்பதில் குழப்பம் அதிகம். நெரிசலில் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினால் டர்போ ஏற்கெனவே ஆறியிருக்கும், காத்திருக்கத் தேவையில்லை. கோத்தோங் ஜெயாவிலிருந்து கெந்திங் உச்சிக்கு ஐந்து பேரோடு ஏறி, வாகன நிறுத்துமிடத்தில் சட்டென்று அணைப்பதுதான் ஆபத்து. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஓய்வு நிலையத்தில் நேராக நிறுத்துவதும் அப்படியே. எண்ணெய் ஓட்டம் நின்றதும் தண்டு அறையில் தங்கிய எண்ணெய் கொதித்துக் கருகி, வாய்க்கால்களில் கரியாய் ஒட்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரை மென்மையாக ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கூலண்ட் வழியே குளிரும் டர்போக்களுக்குத் சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடும் தனி டர்போ டைமர் தேவையில்லை. அணைத்த பிறகும் விசிறியோ சிறு பம்போ ஓடும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், சூட்டை இறக்கத்தான் அது ஓடுகிறது.

குளிர்விப்பு

குழாய் நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். உறைபனியே இல்லாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொதிநிலையை உயர்த்துவதற்கும், அலுமினியத் தலையும் தண்ணீர் பம்பும் அரிக்காமல் காப்பதற்கும். நிறம் தரத்தைக் காட்டாது, நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். கையேடு சொல்லும் வகையை நீர் கலந்தே விற்கும் குப்பியாக வாங்குவது எளிது. அடர்குப்பி என்றால் சரிபாதி காய்ச்சி வடித்த நீர் சேருங்கள்.

எஞ்சின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடாகாது என்று சில பட்டறைகளில் இன்னும் சொல்கிறார்கள். இதை முழுமனத்தோடு எதிர்க்கிறோம். எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டிலேயே ஓடும், கணினி அதைக் குளிர் எஞ்சின் என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும், அது எண்ணெயில் இறங்கும். சூடேறுவதன் உண்மையான காரணமும் மறைந்துவிடும்.

சூடேறினால் தேட வேண்டிய வரிசை: விசிறி இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா, பிளாஸ்டிக் தொட்டியிலும் தெர்மோஸ்டாட் கூட்டிலும் வெண்படிவோ விரிசலோ உண்டா. எங்கும் கசிவு தெரியாமல் கூலண்ட் மட்டும் குறைந்தால், ரேடியேட்டர் வாயில் நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் புகைச் சோதனையைக் கேளுங்கள். நீலம் மஞ்சளானால், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் வழியே எரிபுகை கூலண்டில் கலக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கண்டிஷன் கண்டென்சரும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலரும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முன் பம்பரைக் கழற்றி, அழுத்தம் குறைந்த தண்ணீரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். இலையும் பூச்சியும் அடைத்த இண்டர்கூலர் சூடான காற்றை எஞ்சினுக்கு அனுப்பும், கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், வண்டி மந்தமாகும்.

காற்றுக் குழாய்கள்: பலர் கோட்டைவிடும் இடம்

வண்டி இழுவை குறைந்து, முடுக்கும்போது "புஸ்" என்ற சத்தத்தோடு எஞ்சின் விளக்கும் எரிந்து, ஸ்கேனரில் பி0299 வந்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். உடனே டர்போ மீது பழி போடுவார்கள். முதலில் குழாய்களைப் பாருங்கள். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களின் மூட்டுகளில் எண்ணெய்க் கறை வெளியே தெறித்திருந்தால் அங்கேதான் கசிவு. பத்து ஃபெர்ரிங்கி, தெலுக் பஹாங் போன்ற கடலோரப் பகுதிகளில் நிற்கும் கார்களில் கிளாம்புகள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளரும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு அழுத்தச் சோதனை. டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றி, டயர் வால்வு பொருத்திய மூடியால் அடையுங்கள். கிரான்க் அறைக்குப் போகும் சிறு மூச்சுக் குழாயையும் கழற்றி அடையுங்கள். காற்றை மெல்ல 0.5 பார்வரை ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி பெருகும் இடம்தான் குற்றவாளி. திறந்திருக்கும் வால்வு வழியே சிறிது காற்று எஞ்சினுக்குள் போவது இயல்பு, அந்தச் சத்தத்தைக் கசிவென்று எண்ண வேண்டாம். இண்டர்கூலர் குழாயின் உட்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தாலும் டர்போ போய்விட்டது என்று பொருளில்லை, எஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்து வருவது அது. குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலை.

ஏர் ஃபில்டரை 20,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள், புகைமூட்டம் வந்த ஆண்டில் பாதியிலேயே. பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் காளான் வடிவ ஃபில்டர் நம் ஊர் நெரிசலில் சுடுகாற்றைத்தான் உறிஞ்சும்.

பிளக்கும் காயிலும்

டர்போ எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் அதிகம், பொறி தாவுவது கடினம். அதனால் இடைவெளி குறைவாக, பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டராக இருக்கும். இரிடியம் பிளக் 100,000 ஓடும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் 50,000-இல் மாற்றுங்கள். தேய்ந்த பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் கூடவே கொல்லும். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே கழற்றுங்கள். முறுக்கு அளவு 12 மில்லிமீட்டர் மறைக்கு 15 முதல் 20, 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்.

பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் பொறி தவறுகிறது. அதன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில் கெட்டது, மாறாமலிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் என்ற வரிசையில் தேடுங்கள். நான்கு காயிலையும் ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை.

நேரடித் தெளிப்பு எஞ்சினில் பெட்ரோல் உள்வால்வைக் கழுவாது, அதனால் வால்வின் முதுகில் கரி கட்டும். பெட்ரோலில் ஊற்றும் மருந்து அங்கே எட்டாது. காலையில் நடுக்கமும் இழுவைக் குறைவும் தெரிந்தால், 80,000 கிலோமீட்டர் வாக்கில் உறிஞ்சு குழல் தொகுதியைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளால் சுத்தம் செய்யலாம். சிஎஃப்இ-க்கு இது தேவையே இல்லை, யாராவது விற்க வந்தால் மறுத்துவிடுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் கையேடு 95 என்றால் ரோன்95 போதும். எரிபொருள் தவறாக வெடிப்பதைக் கண்டறியும் நாக் உணரி தீப்பொறி நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். 97 தேவைப்படுவது கையேடு அப்படிச் சொல்லும் கார்களுக்கும், கணினியை மாற்றி அழுத்தத்தைக் கூட்டிய கார்களுக்கும்தான். படிப்படியான கியர்கள் இல்லாத சிவிடி கியர்பெட்டி உள்ள காரில் அழுத்தத்தைக் கூட்டினால் முதலில் பலியாவது கியர்பெட்டி.

டைமிங் பெல்ட்டைக் கையேட்டின் கிலோமீட்டரிலோ ஐந்து ஆண்டிலோ மாற்றுங்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தண்ணீர் பம்பையும் சேர்த்தே. சங்கிலி உள்ள எஞ்சினில் காலையில் இரண்டு விநாடி கடகட சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள்.

திடீர் வெள்ளத்தில் பாதிச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர் என்றால் இறங்காதீர்கள். இண்டர்கூலர் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் அங்கே தேங்கி எஞ்சினுக்குள் போகும். நின்றுவிட்டால் மறுபடி இயக்கவே கூடாது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

டர்போ உண்மையிலேயே போனால்

புகையைப் பாருங்கள். நீலப் புகை எண்ணெய், கறுப்பு காற்றுக் குறைவு, நிற்காத வெள்ளை கூலண்ட். சைரன் போல ஊளையிடும் சத்தம் சுற்றோடு ஏறி இறங்கினால் டர்போவின் சக்கரம் அதன் உறை மீது உரசுகிறது. டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றி, ஆறிய எஞ்சினில் தண்டின் நுனியைப் பிடியுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு, எண்ணெய் நிறைந்தால் அது நடுவுக்கு வரும். உள்ளும் புறமுமாக இழுக்கும்போது அசைவு கையில் உணரும் அளவு இருக்கக் கூடாது. இறக்கைகளின் விளிம்பு தேய்ந்தோ சிதைந்தோ இருந்தால் விவாதமே இல்லை.

பழையதைக் கழற்றியதும் எண்ணெய் வரும் குழாயின் துளையிட்ட திருகாணியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சில எஞ்சின்களில் உள்ளே விரல் நகம் அளவு வலை இருக்கும். அதில் கறுப்புப் பிசின் அடைத்திருந்தால் கொலைக்காரணம் கையில் கிடைத்துவிட்டது. சுத்தம் செய்வதில் நேரம் போக்காமல் குழாயைப் புதிதாக வாங்குங்கள். எண்ணெய் திரும்பி வடியும் குழாயும் அடைபட்டிருக்கலாம். வடியாத எண்ணெய்தான் சீல் வழியே பிதுங்கிப் புகையாகிறது. இறக்கை உடைந்திருந்தால் இண்டர்கூலரைக் கழற்றித் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அடைபட்டால் டர்போ வெந்துகொண்டே இருக்கும்.

பழைய கார்களின் உதிரிபாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் பழைய டர்போ மலிவாகக் கிடைக்கும். அதன் முந்தைய எண்ணெய் வரலாறு யாருக்கும் தெரியாது. புதுப்பித்த டர்போ வாங்குவதாக இருந்தால், நடுப்பகுதியைச் சமன்செய்த சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

மாட்டும்போது எண்ணெய்க் குழாய் மூட்டுகளில் சிலிக்கான் பசை பூசக் கூடாது, பிதுங்கிய பசை உள்ளே போய் அடைக்கும். புது கேஸ்கெட் போதும். புது எண்ணெய், புது ஃபில்டர் போட்டு, டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெயை விட்டுத் தண்டை விரலால் சுழற்றுங்கள். பிறகு காயில்களையும் இன்ஜெக்டர்களையும் துண்டித்துவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றுங்கள். எல்லாவற்றையும் இணைத்து இயக்கி, ஐந்து நிமிடம் முடுக்காமல் ஓடவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி, எண்ணெயையும் ஃபில்டரையும் மீண்டும் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள்.